நசீமாக்கா பேசித் தீர்த்த வாரம்

செய்தி வந்தபோது தளி சாலைக் கடையில் பால் வாங்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் நசீமாக்காவின் வீட்டுக்காரர் கரீம் பாயின் பெயர். சும்மா பேசுவதற்காகக் கூப்பிடுகிறவர் அல்ல அவர். "நசீமா போயிட்டாம்மா. தூக்கத்துலயே. சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்சு எடுக்கறோம், வந்துடு" என்றார். பாலைக் கடையிலேயே விட்டுவிட்டு நடந்திருக்கிறேன். கடைக்காரர் ஓடிவந்து கையில் திணித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நம் தொழிற்சாலையின் குவாலிட்டிப் பிரிவில் ஆரம்பத்திலிருந்து அவரோடு நின்றவர்களுக்கு அந்தக் குரலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பிரஸ் மெஷின் இரைச்சலுக்கு மேலே ஏறி, "ஏய் வசந்தி, டீ வந்துருச்சு!" என்று என்னைத் தேடி வரும். எங்களிடம் தமிழ், மல்லம்மாவிடம் தெலுங்கு, சூப்பர்வைசரிடம் கன்னடம். திட்டு மட்டும் மூன்றும் கலந்தது. பிற்பாடு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கோ, கழுத்தில் துணி சுற்றிய, பேசாத அக்காவை மட்டும்தான் தெரியும். இதை நான் எழுதுவது அவர்களுக்காகத்தான்.

அக்காவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று பெங்களூரு டாக்டர் சொல்லிவிட்டார். உயிர் தங்கும், பேச்சு தங்காது. மறுநாள் அக்கா வழக்கம்போல வேலைக்கு வந்து, ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே லீவு கேட்டார். மகன் போனில் கத்தியது எனக்கே கேட்டது: "ஆபரேஷனை வெச்சுக்கிட்டு ஊர் சுத்தப் போறியாம்மா?"

"ஆமாண்டா. அப்பறமா சுத்துனா, பாத்ததை யார்கிட்ட எப்படிச் சொல்றது?"

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ வர்றியா? தனியா போனா யார்கிட்ட பேசறது?" அந்த வாரம் எனக்கு இரண்டாம் ஷிப்ட். காலையெல்லாம் சும்மாதான் இருந்தேன். போதாத நாட்களுக்கு லீவு போட்டேன்.

முதலில் போனது ஒரு கன்னடப் படத்துக்கு, காலைக் காட்சி. தியேட்டரில் பாதிகூட நிரம்பவில்லை. விழுப்புரத்திலிருந்து வந்த எனக்கு அப்போது கன்னடம் ஒரு வார்த்தை புரியாது. அக்கா படம் முழுக்க எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். கதாநாயகி அழுதால் அவளுக்கு ஒரு புத்திமதி, வில்லன் வந்தால் அவனுக்கு ஒரு வசவு. முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி, "மேடம், கொஞ்சம் மெதுவா" என்றார். அக்கா சிரித்தபடி, "இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கப்பா, அப்பறம் சத்தமே வராது" என்றார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு அதற்குப் பிறகு படம் தெரியவில்லை.

இடையில் ஒரு நாள் மழை. அக்கா வீட்டில் உட்கார்ந்து, சொந்தக்காரர் ஒருவரையும் விடாமல் எல்லோருக்கும் போன் போட்டார். யாரிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை. மாங்காய் விலை, மருமகள் சமையல், பழைய சண்டை இவைதான் பேச்சு. ஒரு நாத்தனாரிடம் உண்மையாகவே புதுச் சண்டை ஒன்றையும் போட்டார்.

வியாழக்கிழமை தேன்கனிக்கோட்டை தர்காவுக்குப் போனோம். பஸ்ஸில் ஏறியதிலிருந்து, யானை இறங்கி ராகி வயலை மிதித்துவிட்டுப் போனதைப் பற்றி ஒரு விவசாயியிடம் பேச்சு. தர்காவில் வெகுநேரம் உதடு அசைய நின்றார். வெளியே வந்ததும், "என்னக்கா கேட்டீங்க?" என்றேன்.

"எதுவும் கேக்கல. எல்லார் பேரையும் ஒரு தடவ வாயால சொன்னேன். உன் பேரையுந்தான்."

ஞாயிற்றுக்கிழமை உத்தனப்பள்ளிப் பக்கத்து ஊர் ஒன்றில் பாரதக் கூத்தின் கடைசி நாள், துரியோதனன் படுகளம். சிறுமியாகப் பார்த்ததை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றார் அக்கா. தன் வெங்காய மண்டியை மூடிவிட்டு அன்று கரீம் பாயும் வந்தார். டாக்டர் சொன்ன நாளிலிருந்து அந்த மனிதர் வீட்டில் வாயே திறக்கவில்லை என்று அக்கா என்னிடம் சொல்லியிருந்தார். வெயிலில், மண்ணால் செய்த துரியோதனன் மைதானம் நிறையப் படுத்திருந்தான். பீமன் வேடக்காரர் தொடையில் அடித்ததும் பெண்கள் ஒப்பாரி வைக்கத் தொடங்கினார்கள். அக்கா எங்களிடம் எதுவும் சொல்லாமல் எழுந்துபோய் அவர்கள் நடுவே உட்கார்ந்தார்.

பிறகு கேட்டது அவர் குரல். அந்த வாரம் முழுக்க அழாதவர், ஊர்ப் பெண்களின் குரலையெல்லாம் மீறி வாய்விட்டு அழுதார். பக்கத்திலிருந்த அம்மாள் பதறி, "உடும்மா, அவன் செஞ்சதுக்கு அவன் பட்டான்" என்று தண்ணீர் கொடுத்தார். எனக்கு அழுகையிலும் சிரிப்பு வந்தது. கரீம் பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அக்காவின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். "அழு நசீமா. சத்தமா அழு. நான் கேட்டுக்கறேன்" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இனி வீட்டோடு முடங்கிவிடுவார் என்று நாங்கள் பயந்தோம். உடம்பு தேறி வேலைக்குத் திரும்பியதும், ஒரு விடுமுறை நாளில் என் வாசலில் நின்றார், கையில் பையோடு, கழுத்தில் துணியோடு. பையைக் காட்டி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கையை நீட்டினார். அன்றிலிருந்து இத்தனை வருடமும் எங்கள் ஊர்சுற்றல் நிற்கவில்லை. கிருஷ்ணகிரி அணை, மாங்கனிக் கண்காட்சி, ஏரிக்கரை, ஊர்த் தேர். எதையாவது பார்த்து மனம் நிறைந்தால் தோளில் இரண்டு தட்டு தட்டுவார். யாரென்று பார்ப்பதில்லை. என் தோளானாலும் சரி, பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவர் தோளானாலும் சரி. திரும்பியவர் அவர் விரல் காட்டும் திசையைப் பார்த்தாக வேண்டும்.

அக்காவை அடக்கம் செய்த பிறகு வந்த ஞாயிறு, கிருஷ்ணகிரிக்குப் பஸ்ஸில் தனியாகப் போனேன். சூளகிரி தாண்டும்போது மழை விட்டு, மலைப்பாறை முழுக்க வெயிலில் மின்னியது. நினைப்பதற்கு முன்பே என் கை, பக்கத்து இருக்கை அம்மாளின் தோளில் இரண்டு முறை தட்டிவிட்டது. அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இந்தக் கைதான். கண்டதைத் தனியாக வைத்துக்கொள்ள இதற்குத் தெரியாது.

"என்னம்மா?" என்று திரும்பினார் அந்த அம்மாள்.

ஜன்னலைக் காட்டினேன். எட்டிப் பார்த்தவர், "அடியாத்தே!" என்று சொல்லிவிட்டு, முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த தன் வீட்டுக்காரரை எழுப்பினார்.