முதலில் ஆள், அப்புறம் கதவு

மனிதர்களை நம்பாமல் இருப்பதற்காகவே எனக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள். காப்பீட்டு நிறுவனத்தில் விபத்து வண்டிகளைப் பார்வையிடுகிற வேலை. நிறுத்தியிருந்த வண்டியை எவனோ இடித்துவிட்டு ஓடிவிட்டான் என்பார்கள். கீறல் போன திசையைப் பார்த்தால் இவர்களே ஓட்டிப்போய்த் தூணில் உரசிய வண்டி என்று தெரிந்துவிடும். கீறல் பொய் சொல்லாது, ஆள்தான் சொல்வான். இந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு பதினாறு வருடம் ஓட்டிவிட்டேன்.

அதனால்தான் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வரச் சொன்னபோது, கூப்பிட்டது தம்பியை அல்ல, தொழில் தெரிந்தவனை என்று புரிந்தது. படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு, அத்தானுடைய வெள்ளை டீ-சர்ட் இரண்டைக் கட்டிலில் விரித்தாள். இரண்டிலும் சிவப்பு. பக்கத்தில் பாதி தேய்ந்த ஒரு லிப்ஸ்டிக்கை வைத்தாள். அது அத்தானின் பையில் கிடைத்ததாம். அக்கா லிப்ஸ்டிக் போடுகிறவள் இல்லை.

அத்தானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக முன்மேசையில் உட்காருகிறவர். வருகிறவர்களின் பெயரை எழுதி, ரத்தக் குழாய்களில் சீட்டு ஒட்டி, மாலையில் ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுப்பார். ஒரு குழாய்கூட மாறியதில்லை என்பது அவருடைய பெருமை. வீட்டிலும் அதே கை சும்மா இருக்காது. மின்விசிறி சுவிட்சில் 'மின்விசிறி' என்று சீட்டு, மருந்து டப்பாவில் தேதியோடு சீட்டு. அசந்து தூங்கினால் தன் நெற்றியிலும் ஒட்டிவிடுவார் என்று அக்கா சொல்வாள். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். நாய் இருக்கிற தெருவென்றால் சுற்றிக்கொண்டு போவார். பயந்த மனுஷன்தான், ஆனால் நல்லவர் என்று எல்லோருமே நினைத்திருந்தோம்.

ஆறு மாதம் முன்னால் ஒரு நடுப்பகலில் அந்த நிலையத்துக்குள் ஒருவன் கத்தியோடு புகுந்தான். தன்னுடைய ரிப்போர்ட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. ரத்தம் எடுக்கிற பெண்ணுக்கு இடது கையில் பதினான்கு தையல். அவளை அங்கே எல்லோரும் ஊசிக்காரம்மா என்பார்கள். கல்யாணம் ஆகாதவள், நாற்பது வயதிருக்கும். அந்த நேரத்தில் தான் உள்ளறையில் குளிர்பெட்டியில் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்ததாகவும், சத்தம் கேட்டு வெளியே வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டதாகவும் அத்தான் சொன்னார். விசாரிக்க வந்த சொந்தக்காரர்களிடம் அதையே சொன்னார். எட்டு முறை என் காதில் விழுந்தது, எட்டு முறையும் சொல் மாறவில்லை. நிஜமாக நடந்ததைச் சொல்கிறவன் ஒருமுறை குளிர்பெட்டியை விட்டுவிடுவான், இன்னொரு முறை சத்தத்தை மறந்துவிடுவான். அப்போதே எனக்கு உறுத்தியது. அக்கா வீட்டுக்காரராயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகுதான் வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் ஸ்டாக் கணக்கெடுப்பு என்று ஆரம்பித்ததாம். வீட்டுக்கு வரும்போது வியர்த்துக் கொட்டியிருக்கும், நேராகக் குளிக்கப் போவார். ஊசிக்காரம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஓடியது, அவள் வேலைக்குத் திரும்பியபின் அவளுடைய பையைப் பஸ் ஸ்டாப் வரை தூக்கிக்கொண்டு போனது, எல்லாவற்றையும் அக்கா தேதியோடு சொன்னாள். சீட்டு ஒட்டுகிற பழக்கம் அவளுக்கும் தொற்றியிருந்தது.

நான் டீ-சர்ட்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் கோடுகள். வயிற்றுக்குக் குறுக்கே ஒன்று, இரண்டு கைகளிலும் சின்னச் சின்னதாக ஐந்தாறு, காலரிலிருந்து தோள்பட்டைக்கு ஒன்று. தொடங்கிய இடத்தில் அழுத்தமாக இருந்து, போகப் போகத் தேய்ந்திருந்தன. வேகமாக உரசிப் போன ஏதோ ஒன்று.

"உதடு இப்படிக் கோடு போடாதுக்கா."

"அப்ப என்ன, அவ உக்காந்து படம் வரையறாளா?"

டீ-சர்ட்டுகளை மறுபடி கட்டிலில் போட்டேன். உதடு இல்லை என்பது நிச்சயம். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்பதும் நிச்சயம். செவ்வாய்க்கிழமை பின்தொடர்ந்து போய்ப் பார்த்துவிடலாம் என்றேன். ஊசிக்காரம்மாதான் என்று ஆகிவிட்டால் அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்றாள் அக்கா. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இருபது வருடக் குடும்பம் அந்த லிப்ஸ்டிக் மேல் நின்றுகொண்டிருந்தது.

செவ்வாய் மாலை ஆறு மணிக்கு அத்தான் நிலையத்திலிருந்து வெளியே வந்தார். நாங்கள் என் காரில் தள்ளியே நின்றோம். நடக்கிறபோது நான்கு முறை திரும்பிப் பார்த்தார். ஒரு கடைக் கண்ணாடியில் தன் முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தார். மடியில் கனம் இருக்கிறது, வழியில் பயம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நாற்காலி மேசை விற்கிற ஒரு கடைக்குப் பக்கவாட்டில் குறுகலான மாடிப்படி இருந்தது. அதில் ஏறிப் போனார். இரண்டு நிமிடம் கழித்து அதே படியில் ஊசிக்காரம்மா ஏறினாள். கையில் தழும்பு காரிலிருந்தே தெரிந்தது.

அக்கா என்னை முந்திக்கொண்டு ஏறினாள். மேல்படியில் மூடிய கதவு. உள்ளே பெண் குரல் கேட்டது. "இன்னும் வேகமா இழுங்க சார்." பிறகு தொப்பென்று ஒரு சத்தம், அத்தானின் மூச்சு வாங்கல், மறுபடி அதே குரல், "இல்ல, லேட்டு." அக்கா என் முகத்தைப் பார்க்காமல் கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஒரு நீளமான கூடம். தரையில் மெத்தை விரிப்புகள், வெள்ளை டீ-சர்ட் போட்ட பத்துப் பேர். ஒருவர் கையில் ரப்பர் கத்தி, அதன் ஓரத்தில் லிப்ஸ்டிக் தடவியிருந்தது. அவர் பாய, எதிரில் இருந்தவர் ஒரு நாற்காலியைக் குறுக்கே தள்ளிவிட்டு ஓடினார். ஆனாலும் முழங்கையில் ஒரு சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. சொல்லிக்கொடுக்கிறவர் ஒரு குண்டு மனிதர், பகலில் லிப்ட் பழுது பார்க்கிறவராம். எங்களைச் சேர வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு, கத்தியிலிருந்து தப்பிக்கிற பயிற்சியை விளக்க ஆரம்பித்துவிட்டார். கையை முறுக்கிக் கத்தியைப் பிடுங்குவதெல்லாம் வேறு வழியே இல்லாதபோது செய்கிற வேலை, முதலில் தூரம், அப்புறம் நடுவில் ஒரு பொருள், அப்புறம் ஓட்டம். நம்மை வெட்டவே மாட்டார்கள் என்று எவனும் நினைத்துவிடக் கூடாது, அதற்குத்தான் இந்தச் சிவப்பு, வீட்டுக்குப் போகும்போது அவரவர் கோட்டை அவரவர் எண்ணிக்கொள்ள வேண்டும் என்றார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அக்காவும் அங்கேயே சமாதானமாகியிருக்கலாம். ஆனால் அவள் என் அக்கா. நல்ல காரியத்தை எவனாவது இவ்வளவு பாடுபட்டு மறைப்பானா? அத்தான் நின்ற இடத்தை அவள் பார்த்தாள், நானும் பார்த்தேன். மற்றவர்களிடம் நாற்காலியும் பையும் இருக்க, அவருக்கு மட்டும் கூடத்தின் நடுவில் கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்திய ஒரு நிலைக்கதவு. அவர் கதவுக்கு அந்தப் பக்கம், ஊசிக்காரம்மா இந்தப் பக்கம்.

"இவர் மட்டும் ஏன் கதவோட?" என்று அக்கா கேட்டாள்.

குண்டு மனிதர் வாயைத் திறந்தவர், அத்தானின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். ஊசிக்காரம்மா தழும்புக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சொல்றீங்களா சார், நான் சொல்லவா?"

அத்தான் கதவின் கைப்பிடியை விடாமலே பேசினார். இந்த முறை வார்த்தைகள் ஒழுங்காக வரவில்லை. அப்போதே இது உண்மை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நான் உள்ள இல்ல. மேசையிலதான் இருந்தேன். அவன் கத்திய எடுத்தான்... நான் எழுந்து உள்ரூமுக்கு ஓடிட்டேன். இவங்க என் பின்னாடியே ஓடி வந்தாங்க. ரெண்டடி இருக்கும். நான் கதவச் சாத்திட்டேன்."

"மூணு தடவ தட்டினேன்," என்றாள் ஊசிக்காரம்மா. கோபமாகச் சொல்லவில்லை, ரிப்போர்ட் படிக்கிற மாதிரிதான் சொன்னாள்.

அவள் இதை யாரிடமும் சொல்லவில்லையாம். நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் அத்தான் வந்து கட்டிலருகே நின்று அழுதிருக்கிறார். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மன்னிப்பெல்லாம் வேண்டாம், அதே ரூமில் அதே நாற்காலியில் நாம் இரண்டு பேரும் இன்னும் பத்து வருஷம் உட்கார வேண்டும், ஆளை இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லி, இந்த இடத்தைக் கண்டுபிடித்ததும் அவள்தான். லிப்ஸ்டிக்கும் அவளுடையதுதான்.

அத்தான் அக்காவைப் பார்க்காமல் சொன்னார். "உனக்கு என் மேல சந்தேகம்னு தெரியும். வேற பொம்பளன்னே நினைச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். அதையாவது தாங்கிக்கலாம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சோரம் போனவன் என்ற பெயரையே பரவாயில்லை என்று எடுத்துக்கொள்கிற அளவுக்கு ஒருவன் பயந்தாங்கொள்ளியா? அக்கா சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். அவள் அவர் பக்கத்தில் போய், வேறு யாருக்கும் கேட்கக்கூடாது என்பது போலக் கேட்டாள்.

"அன்னிக்கு வெளிய நான் நின்னிருந்தா?"

அவர் கைப்பிடியில் இருந்த தன் கையைப் பார்த்தார். "தெரியல," என்றார்.

இருபது வருடத்தில் அவர் சொன்ன எதையும் குறுக்கு விசாரணை செய்யாமல் அக்கா விட்டதில்லை. இந்த ஒரு வார்த்தையை அப்படியே ஏற்றுக்கொண்டாள். கைப்பையை என்னிடம் கொடுத்தாள், செருப்பைக் கழற்றினாள், கதவிலிருந்து இரண்டடி தள்ளிப் போய் ஊசிக்காரம்மாவின் இடத்தில் நின்றாள்.

"கத்திய நீ வாங்குடா. வேகமா வா. தம்பின்னு பாக்காத."

நான் மாட்டேன் என்றேன். புதியவர்களை இப்படி விடுவதில்லை என்று குண்டு மனிதரும் சொல்லிப் பார்த்தார். அக்கா நகரவில்லை. கடைசியில் எங்கள் கண்களுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு, முகத்தை நோக்கி மட்டும் கையைக் கொண்டுபோகாதே என்று என்னிடம் சொன்னார். ஊசிக்காரம்மா ரப்பர் கத்தியின் ஓரத்தில் லிப்ஸ்டிக்கைத் தேய்த்து என்னிடம் நீட்டினாள். மறைக்க என்ன இருக்கிறது, அத்தான் மேல் இருந்த ஆத்திரத்தில் நான் உண்மையாகவே பாய்ந்தேன்.

அத்தானின் கை அக்காவை நோக்கி வந்தது. பாதியில் நின்றது. கதவு சாத்திக்கொண்டது.

என் கை அதற்குள் இறங்கிவிட்டது. அக்காவின் வெளிர்மஞ்சள் சுடிதார் முதுகில் வலது தோளிலிருந்து இடுப்பு வரை ஒரே கோடு. தொடங்கிய இடத்தில் அழுத்தமாக, போகப் போகத் தேய்ந்து. கதவுக்கு அந்தப் பக்கம் அத்தான் விம்முகிற சத்தம் கேட்டது. அத்தனை கீறல்களைப் பார்த்தவன் நான், ஆனால் நானே போட்ட முதல் கீறல் இதுதான். ரப்பர் என்று தெரிந்தும் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அக்கா கதவைத் தட்டினாள். ஒருமுறைதான். "திறங்க."

அவர் திறந்தார். நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றார். அக்கா திரும்பி முதுகைக் காட்டினாள். அவர் பார்த்து முடிக்கும் வரை அப்படியே நின்றாள். பிறகு அவர் கையை எடுத்துத் தன் தோள் துணியில் வைத்து, எங்கே பிடித்து இழுக்க வேண்டும் என்று காட்டினாள்.

"முதல்ல நான், அப்புறம் கதவு. இன்னொரு தடவ."

ஊசிக்காரம்மா லிப்ஸ்டிக்கை மறுபடி தேய்த்துக் கொடுத்தாள். அக்கா இரண்டடி தள்ளிப் போய் நின்றாள். நான் என் இடத்துக்குத் திரும்பிப் போனேன்.