நான் சொல்லாமல் விட்ட ஷரத்து

எங்கள் கழனிக்கு அடியில் ஒரு எரிவாயுக் குழாய் போகிறது. துறைமுகப் பக்கமிருந்து கிளம்பித் தொழிற்பேட்டைகளுக்குப் போகிற குழாய். அதற்கு இடம் கொடுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் என் அப்பா. நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

கையெழுத்து அன்று எனக்கு இரண்டாவது ஷிப்ட். தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். கம்பெனி பஸ் ஒன்றரைக்கு ரோட்டு முனைக்கு வந்துவிடும். குழாய்க் கம்பெனியின் ஏஜென்ட் கிராம நிர்வாக அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். எங்களுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர். ஒப்பந்தம் பதினோரு பக்கம், முழுக்க ஆங்கிலம். மேலே தமிழில் ஒரே ஒரு தாள்: நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், குழாய் புதைத்த பிறகு பயிர் வைக்கலாம், பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு உண்டு.

"தம்பி படிச்சவரு. நமக்கு வேலை சுலபம்" என்றார் ஏஜென்ட். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். ஏழாவது ஷரத்து எனக்குப் புரிந்தது. ஆங்கிலம் புரியவில்லை என்று இன்று சொல்லிக்கொண்டால் வசதியாக இருக்கும். ஆனால் அது உண்மையில்லை. குழாய் போகும் நிலப் பட்டைக்குள் கட்டடம் கட்டக்கூடாது, கிணறோ போர்வெல்லோ போடக்கூடாது, ஆழமாக வேர்விடும் மரம் வைக்கக்கூடாது. பிள்ளைகளுக்கும் பின்னால் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும் என்று தெளிவாகவே எழுதியிருந்தது.

"இன்னாடா போட்டுக்கீது?" என்று நைனா கேட்டார்.

"பூமி நம்முளுதுதான் நைனா. பயிர் வெச்சிக்கலாம். போடு."

அவ்வளவுதான் சொன்னேன். ஏழாவதைச் சொன்னால் அவர் பத்துக் கேள்வி கேட்பார், ஏஜென்ட் முகம் மாறும், பஸ் போய்விடும். நெல் விளைகிற இடத்தில் யார் வீடு கட்டப்போகிறார்கள் என்றும் நினைத்தேன். நைனா பேனாவை அழுத்திப் பிடித்து எல்லாப் பக்கத்திலும் பெயரை எழுதினார்.

குழாய் புதைத்தார்கள். அடிமண் மேலே வந்துவிட்டதால் இரண்டு போகம் பயிர் மஞ்சளாக நின்றது. பிறகு சரியாகிவிட்டது. குழாய்க்கு அடையாளமாக மஞ்சள் பெயின்ட் அடித்த கல் இரண்டு மட்டும் வரப்பில் நின்றன. மாடு கட்டக்கூட அவற்றைப் பயன்படுத்தினோம்.

என் தங்கச்சியின் வீட்டுக்காரர் காட்டுப்பள்ளியில் கான்ட்ராக்ட் வேலை செய்கிறவர். வாடகை வீட்டிலேயே இரண்டு பிள்ளைகளும் பிறந்து வளர்ந்தார்கள். போன வருஷம் நைனா, ரோட்டை ஒட்டின பாகத்தைத் தங்கச்சி பெயருக்கும் அதற்குப் பின்னால் ஒரு பாகத்தை என் பெயருக்கும் எழுதிவைத்தார். அவள் பேங்க்கில் லோன் போட்டு, பூஜை போட்டு, வீடு கட்டக் கடக்கால் தோண்ட ஆரம்பித்தாள். குழாய் போவது அந்த ரோட்டோரம்தான். எனக்குத் தெரியும். எவ்வளவு தள்ளிப் போகிறது என்று அளந்து பார்க்கலாம் என்று ஒரு தடவை நினைத்தேன். நினைத்ததோடு சரி.

மூன்றாம் நாள் காலையில் லைன் காவலர் வந்தார். குழாய் போகிற வழியெல்லாம் தினமும் நடந்து பார்க்கிறவர் அவர், பக்கத்து ஊர்க்காரர். மண்வெட்டியை நிறுத்தச் சொன்னாராம். தங்கச்சி எனக்கு போன் செய்தாள். பர்மிஷன் போட்டுவிட்டு வந்தேன்.

"என் மேல கோச்சிக்காதம்மா. நான் ரிப்போர்ட் பண்ணலேன்னா என் வேல போய்டும். பேப்பர்ல கீது, உங்க நைனா கையெழுத்து போட்டுக்கீறாரு" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

தங்கச்சி குழிக்குள் நின்றபடி என்னைப் பார்த்தாள். நைனாவும் பார்த்தார்.

"அன்னிக்கு நீ இத்த படிச்சியா?"

"கவனிக்கல நைனா" என்றேன்.

அவர் நம்பிவிட்டார். அதுதான் மோசமாகப் போனது. பதினோரு பக்கத்தை அவசர அவசரமாகப் புரட்டவைத்து ஏமாற்றிவிட்டான் என்று ஏஜென்டைத் திட்டினார். டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும், "என் பையன் கண்ணையே மறைச்சிட்டானுங்கோ" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம் என்று முடிவு செய்தார். மனுவை எழுதியது நான்தான். 'மேற்படி ஷரத்து எங்களுக்கு விளக்கப்படவில்லை' என்ற வரியை என் கையாலேயே எழுதினேன்.

திருவள்ளூரில் எங்களை ஒரு அதிகாரியிடம் அனுப்பினார்கள். அந்த அம்மா ஒப்பந்த நகலைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சாட்சி யாரு?" என்றார்.

"எம் மவன்தாம்மா. டிப்ளமா படிச்சவன்" என்றார் நைனா. அந்த இடத்திலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"நீங்க படிச்சுப் பாத்துதானே கையெழுத்து போட்டீங்க?"

கவனிக்கவில்லை என்று மறுபடி சொல்லியிருக்கலாம்.

"படிச்சேன் மேடம். புரிஞ்சது. அப்பாகிட்ட சொல்லல."

நைனா என் பக்கம் திரும்பவில்லை. அந்த அம்மா மனுவின் ஓரத்தில் ஏதோ குறித்து, இடத்தை அளந்து காட்டும்படி குழாய்க் கம்பெனிக்கு எழுதுவதாகச் சொன்னார். அவ்வளவுதான் செய்ய முடியும் என்றார்.

பஸ் ஸ்டாண்டில் வெயில் கொளுத்தியது. ஜூஸ் வாங்கிக்கொண்டு வந்து நீட்டினேன். வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

"கீழத்தெருக்காரன் கழனில லைனு வரப்பு ஓரமா வளைஞ்சி போவுதே, பாத்துக்கீறியா?" என்றார். "அவன் கேட்டான். கேட்டதுக்கு மாத்திக் குடுத்தானுங்கோ. நானும் கேட்டுதான்டா இருப்பேன். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னுதான உன்னாண்ட கேட்டேன்."



அடுத்த மாதம் ஒரு இன்ஜினீயர் வந்து டேப் பிடித்து அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டார். தங்கச்சியின் பாகத்தில் பாதிக்கு மேல் கோட்டுக்குள் போய்விட்டது. பின்னால் இருந்த என் பாகத்திலிருந்து அவளுக்கு எழுதிக்கொடுத்தேன். என் மனைவிக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு என்னோடு வந்தாள். வீடு உள்ளே தள்ளி, நினைத்ததைவிடச் சின்னதாக எழும்பியது. ரோட்டிலிருந்து வீட்டுக்குப் போகிற வழி குழாய் மேல்தான். செங்கல் லாரி அதைக் கடப்பதற்குக்கூடத் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு முன்னால் ஒரு முருங்கை வைக்கத் தங்கச்சி ஆசைப்பட்டாள். முடியாது. கீரைப் பாத்தி போட்டிருக்கிறாள்.

குடிபோன அன்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"உடுண்ணா. ஊடு வந்துடுச்சில்ல" என்றாள். பால் டம்ளரை என்னிடம் நீட்டிவிட்டு, "ஆனா அன்னிக்கு நான் குழியில நிக்கசொல்ல கவனிக்கலன்னு சொன்ன பாரு, அதான் எனக்கு பேஜாராப் போச்சி" என்றாள்.

நைனா என்னோடு சண்டை போடவில்லை. சாப்பிடும்போது, மழை வருமா, மோட்டார் ஓடுகிறதா என்று பேசுவார். எந்தக் காகிதத்தையும் என்னிடம் கொடுப்பதில்லை. கரண்ட் பில்லைக்கூட இ-சேவை மையத்தில் இருக்கும் பெண்ணிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொல்கிறார். அந்தப் பெண் ஒரு நாள் என்னைப் பார்த்து, "உங்க அப்பா இன்னாண்ணா, ஒரே பில்ல ரெண்டு தபா படிக்க சொல்றாரு" என்று சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

இப்போது கழனிக்கு மேலே உயர் அழுத்த மின்கம்பி போகப்போகிறதாம். போன வாரம் வேறு ஒரு ஏஜென்ட் தாள்களோடு வந்தார். நைனா அவற்றை வாங்கி மடித்து நேராகத் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோனார். அவள் பத்தாவது வரை படித்தவள். இந்தத் தடவை தமிழிலேயே இருந்ததால் வரிவரியாக வாசித்துக் காட்டியிருக்கிறாள். இரண்டு நாள் ஆயிற்றாம். நடுவில் எனக்கு போன் செய்தாள்.

"அண்ணா, 'பின்னுரிமையாளர்'னா யாரு? நைனா கேக்குறாரு. உன்னாண்ட கேட்டேன்னு அவராண்ட சொல்லிடாத."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நமக்குப் பிறகு அந்த நிலம் யார் கைக்குப் போகிறதோ அவர்கள் எல்லாரும் என்றேன். அவள் அதை உரக்கத் திருப்பிச் சொல்வதும், அதற்கு நைனா அடுத்த கேள்வி கேட்பதும் போனில் கேட்டன.