துண்டுக்கு அடியில்

மாட்டுத் தரகில் விலையை வாயால் சொல்வதில்லை. கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். அதிலேயே வயிறு வளர்த்தவன் நான். எதை மூடி வைத்தாலும் எனக்கு அது பேரமாகத்தான் தெரியும்.

உலகச் சண்டைக் காலத்தில் திண்டிவனம் சந்தையில் ஒரு காளை முட்டித் தள்ளி, என் தலை கல்தொட்டியில் மோதியது. ஆஸ்பத்திரியில் கிடந்து, விழுப்புரம் பக்கத்திலிருந்த வீட்டுக்கு வண்டியில் வந்து சேர்ந்தேன். காயம் ஆறிவிட்டது. மனசு ஆறவில்லை. விடிந்தால் எழுந்திருக்கப் பிடிக்காது. கேப்பைக் கூழ் மண்ணாக இருக்கும். காரணமில்லாமல் அழுகை வரும், கூடவே கோபமும் வரும். மூளையில் அடிபட்டவனுக்கு இப்படித்தான் இருக்கும், நாளாகும் என்றார் டாக்டர். அவரையும் நான் நம்பவில்லை.

காலையில் எங்கள் கிணற்றடியில் போய் நின்று தண்ணீரையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்ன நினைத்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

திடீரென்று என் பெண்டாட்டி எங்கள் கயிற்றைக் கழற்றிக்கொண்டு, தெருக்கோடிக் கிணற்றுக்குக் குடம் தூக்கிப் போக ஆரம்பித்தாள். கேட்டால், "நம்ம கெணத்துத் தண்ணி சப்புன்னு கீதுங்க" என்றாள். இத்தனை வருஷம் இனித்த தண்ணீர்! திண்டிவனத்திலிருந்து அவள் அண்ணனும் அடிக்கடி வந்து போனான். என்னைக் கண்டால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சரிதான், தரகனிடமே தரகா? நான் செத்தவன் என்று முடிவு கட்டி, என் ஜோடி மாட்டை விற்கப் பார்க்கிறார்கள் என்று எண்ணி வயிறு எரிந்தேன்.

ஒருநாள் மத்தியானம் மாட்டுக்கொட்டகையில் எட்டிப் பார்த்தேன். அவள் கை அண்ணனின் துண்டுக்கு அடியில் இருந்தது.

"இன்னா வெலைக்குப் பேசறீங்க?" என்று கத்திக்கொண்டே துண்டைப் பிடுங்கினேன்.

துண்டுக்கு அடியில் இருந்தது எங்கள் கிணற்றுக் கயிறு. அதை என் கைக்கு எட்டாமல் வைக்கத்தான் தெருக்கோடிக்குப் போயிருக்கிறாள்; வீட்டில் எங்கே ஒளித்தாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று பயந்து அண்ணனிடம் கொடுத்தனுப்பப் பார்த்திருக்கிறாள்.

"தெனம் கெணத்தையும் கயித்தையும் பார்த்துக்கினு நிக்கிறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?" என்றவள் உட்கார்ந்து அழுதாள்.

சொல்லாததை எப்படித் தெரிந்துகொண்டாள்? துண்டை எடுத்து நானே கயிற்றை மூடினேன்.

"எடுத்துக்கினு போ மச்சான்," என்றேன். "நல்லானப்புறம் நானே வந்து கேக்கறேன்."

இரண்டு மழைக்காலம் கழித்துத்தான் போய்க் கேட்டேன்.