தள்ளாமல் போய்த் தள்ளாமல் வருவது

அந்தக் கார் ஓடத்தான் செய்தது. ஓடாமலே நின்றிருந்தால் இவ்வளவு கதை இல்லை.

சித்தி அதைத் திருத்தி முடித்த அன்று எங்கள் ஒழுங்கையில் இரண்டு தரம் போய்வந்தார். நானும் தம்பியும் பின்னால் கத்திக்கொண்டு ஓடினோம். எனக்கு ஒன்பது வயது. துணுக்காயில் எங்கள் பக்கத்தில் கார் வைத்திருந்த வீடு வேறு இல்லை. இந்தச் செய்தியைப் பள்ளிக்கூடத்தில் யாரிடம் முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஓடியது நினைவிருக்கிறது.

அது ஏ-40 ரகத்தைச் சேர்ந்த ஒரு பழைய கார். அம்மாவின் அப்பா வாடகைக்கு ஓட்டியது. அவர் காலமான பிறகு ஓமந்தையில் உறவினர் வளவொன்றில் கிடந்து, போர் முடிந்து நாங்கள் மீளக்குடியேறிய பின் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வந்து, முற்றத்தில் நெல் காயப்போடும் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மாமா, அதாவது அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்தவர், அதைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கத் தீர்மானித்திருந்தார். மல்லாவிக்கு ரியூசன் போகும் பிள்ளைகளை அந்தக் காரில் ஏற்றி இறக்கிப் பிழைக்கலாம் என்றார் சித்தி. தையல் மெசினுக்கு முன்னால் இன்னொரு வருடம் குனிந்திருக்க அவருக்கு மனமில்லை.

"சரி, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எங்களைக் கொண்டுபோய்க் கொண்டுவா" என்றார் மாமா. "தள்ளாமல் போய்த் தள்ளாமல் வந்தால் கார் உனக்கு. இறங்கித் தள்ளினமெண்டால் புதன்கிழமை இரும்புக்காரன் வந்து ஏத்துவான்."

"பிறகு கதை மாறக் கூடாது, அண்ணை."

"மாறாது. இவள்தான் சாட்சி." அவர் என்னைக் காட்டினார். நான் அந்தப் பதவியை மிகவும் பாரமாக எடுத்துக்கொண்டேன்.

சித்தி யாரிடமும் கேட்காமல் எஞ்சினைத் திறந்தார். சிறுமியாக இருந்தபோது, அம்மப்பா காருக்கு அடியில் படுத்திருக்க, நட்டுக் கழற்றும் சாவிகளை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். எஞ்சினின் தலையைக் கழற்றிச் சுரண்டித் துடைத்தார். தலைக்கும் உடலுக்கும் நடுவில் வைக்கும் செப்புத் தகட்டுக்குக் கஸ்கற் என்று பெயர் என எனக்குச் சொல்லித் தந்தார். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கஸ்கற் வைத்துப் பூட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, ஏதோ ஒன்றை இப்படியும் அப்படியும் திருப்பி, "இப்ப சரி" என்றார். அம்மப்பாவின் காலத்துச் சத்தம் அப்படியே வந்துவிட்டதாம்.

பொங்கல் அன்று காலை பானை, பச்சையரிசி, தேங்காய், நாங்கள் ஐந்து பேர் எல்லாம் ஏறினோம். மல்லாவி தாண்டும்போதே ஏதோ பிழை என்று தெரிந்தது. சித்தி காலை எவ்வளவு அழுத்தினாலும் கார் தன் நடையை மாற்றவில்லை. பின்குழாய் இடையிடையே "டப்" என்று வெடித்தது. மாங்குளம் கழிந்து முல்லைத்தீவு வீதியில் லான்ட்மாஸ்ரர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம் ஒன்று எங்களை முந்தியது. அதன் பெட்டியில் பொங்கலுக்குப் போகும் ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. ஒரு பொடியன் எங்களை நோக்கிக் கையை வாயில் குவித்தான்.

"கயிறு வேணுமோ?"

தம்பி வெட்கத்தில் இருக்கைக்குக் கீழே போய்விட்டான்.

சித்தி நிறுத்தினார். பிளக்குகளைக் கழற்றினார், கரி பிடித்திருந்தது. துடைத்துப் பூட்டினார். கார் அதே நடை நடந்தது. மறுபடி நிறுத்தி, பெற்றோல் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சித் துப்பினார். அடைப்பு இல்லை. காற்று வடிகட்டியைத் தட்டினார். ஒரு குளவிக்கூடுகூட இல்லை. மாமா இறங்கி நான்கு சில்லுகளையும் தொட்டுப் பார்த்தார்.

"பிறேக் விடாமல் பிடிக்குதோ?"

"இல்லை அண்ணை. சில்லொண்டும் சுடேல்லைத்தானே. எஞ்சின்தான் சுடுது."

எனக்கு இந்தப் பயணம் ஒரு கொண்டாட்டமாக இருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் காட்டுக்கரையில் இறங்கலாம், பொனற்றுக்குள் எட்டிப் பார்க்கலாம், அடுத்தது என்ன கழற்றப்படும் என்று தம்பியோடு வாதிடலாம். சித்தியின் முகம் மட்டும் கறுத்துக்கொண்டே போனது.

ஒட்டுசுட்டானுக்கு இந்தப் பக்கம் வீதி சற்று மேலேறும். நடந்து போகிறவருக்கு அது ஏற்றம் என்றே தெரியாது. காருக்குத் தெரிந்தது. பாதியில் முனகி நின்றுவிட்டது. சித்தி திரும்பவும் ஸ்ரார்ட் செய்தார். எஞ்சின் உறுமியது, கார் நகரவில்லை. சித்தி ஸ்ரேறிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

மாமா சேர்ட்டைக் கழற்றி இருக்கையில் போட்டுவிட்டு இறங்கிப் பின்னால் போனார். அம்மா போனார். நானும் தம்பியும் பாய்ந்து போனோம். ஏலேலோ போட்டுக்கொண்டு தள்ளினோம். வாழ்க்கையில் அதுவரை நான் செய்தவற்றில் அதுதான் மிகப் பெரிய வேலை. கார் மேட்டில் ஏறி நின்றதும் கைதட்டினேன். யாரும் சேர்ந்து தட்டவில்லை.

ஒரு பாலை மர நிழலில் சித்தி பின்குழாயின் முன்னால் குந்தியிருந்து புகையை மோந்து பார்த்தார்.

"மணம் பிழை, அக்கா."

"என்ன மணக்குது?"

"பெற்றோல் மணக்குது."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பெற்றோல் விட்ட கார் பெற்றோல் மணக்காமல் பிச்சிப்பூவே மணக்கும்?"

சித்தி அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். வாய் மெல்லத் திறந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார்.

"ஐயோ அண்ணை! நான் மண்ணெண்ணெய்க்கெல்லே பூட்டியிருக்கிறன்!"

போர்க்காலத்தில், பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில், வன்னிக்குள் பெற்றோல் வருவது குதிரைக்கொம்பு. ஸ்ரார்ட் செய்ய மட்டும் சில சொட்டுப் பெற்றோலைக் காட்டிவிட்டு, மண்ணெண்ணெயில்தான் கார்கள் ஓடின. மண்ணெண்ணெயை அதிகம் நெருக்கினால் எஞ்சின் இடிக்கும். அதனால் கஸ்கற் இரண்டு வைத்து நெருக்கத்தைக் குறைப்பார்கள். எரிபொருளைப் பற்றவைக்கும் பொறியையும் சற்றுப் பிந்தியே விழவைப்பார்கள். சித்தி வேலை பழகியது அந்த வருடங்களில். பெற்றோலில் ஓடும் எஞ்சினை அவர் அதுவரை திறந்ததே இல்லை. அவருடைய கைக்கும் காதுக்கும் தெரிந்த நல்ல எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது ஒன்றுதான்.

இதெல்லாம் பின்னாளில் நான் கேட்டறிந்தது. அன்று கண்டது, பெரியவர்கள் மூன்று பேரும் வீதியோரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைத்தான். அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. பிழை விட்டால் அடி விழும் வீட்டில் வளர்ந்த எனக்கு, இவ்வளவு பெரிய பிழைக்கு இவ்வளவு சிரிப்பு ஏன் என்று புரியவில்லை. சிரிப்பு அடங்கிய பிறகும் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்ததும் புரியவில்லை.

மாமாதான் முதலில் கேட்டார். "அப்ப மண்ணெண்ணெய் விட்டிருந்தால் ஓடியிருக்குமோ?"

"பறந்திருக்கும், அண்ணை."

"ம்" என்றார் மாமா. "இப்ப என்ன செய்யலாம்?"

"கஸ்கற்றை வீட்டை போய்த்தான் கழட்டலாம். பொறியை இப்பவே முந்த வைக்கலாம். நீங்கள் ஏறி அக்சிலேற்றரை மிதியுங்கோ."

சித்தி ஒரு நட்டைத் தளர்த்தி, மயிரளவு மயிரளவாகத் திருப்பினார். முனகல் உறுமலாகி, உறுமல் நீண்ட ஒரு சீரான சத்தமாக உயர்ந்தது. சித்தி கையை எடுத்துவிட்டு, தனக்கே புதிதான அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். "ஏறுங்கோ, ஏறுங்கோ!" என்று கத்தினார்.

கார் பாய்ந்தது. முழுப் பலமும் வரவில்லை என்று சித்தி சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அது போதும். ஜன்னல் வழியே வந்த காற்றில் அம்மாவின் கொண்டை குலைந்தது. முள்ளியவளைக்குக் கிட்ட லான்ட்மாஸ்ரரைப் பிடித்தோம். தம்பி இடுப்புவரை வெளியே நீட்டிக்கொண்டு, "கயிறு வேணுமோ?" என்று தொண்டை கிழியக் கத்தினான். அம்மா அவனுடைய காற்சட்டையைப் பிடித்திருந்தார்; அவரும் கத்தினார் என்றுதான் நினைக்கிறேன்.

பொங்கி, கும்பிட்டு, மறுநாள் காலை திரும்பினோம். வரும் வழியில் ஒரு இடத்திலும் தள்ளவில்லை. முற்றத்தில் இறங்கியதும் நான் என் கடமையைச் செய்தேன்.

"மாமா, போகேக்க ஒருக்காத் தள்ளினது."

சித்தி அசையாமல் நின்றார். "உனக்கு வாய் சும்மா இராதோ?" என்றார் அம்மா.

"ஆர் தள்ளினது?" என்று கேட்டார் மாமா.

"எல்லாரும்தான். நீங்களும்தான்."

"நான் தள்ளேல்லை. களைப்பில கொஞ்சம் சாஞ்சு நிண்டனான். கார் தன்ர பாட்டில போனது."

புதன்கிழமை இரும்புக்காரர் லொறியோடு வந்தார். "உந்தக் காரெல்லே சொன்னனீங்கள், ஐயா?"

"உது ஓடுற கார், தம்பி" என்றார் மாமா. "நீர் பிழையான வீட்டுக்கு வந்திட்டீர்."

அந்த நேரம் ரியூசன் பிள்ளைகள் நான்கு பேரை ஏற்றுவதற்காகச் சித்தி காரைக் கிளப்பினார். மாமா ஓடிப்போய்ப் படலையை அகலத் திறந்து பிடித்தார்; லொறியைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். பந்தயத்தில் தோற்க மறுத்துப் பொய் சொல்பவர்களை நான் பள்ளிக்கூடத்தில் பார்த்திருக்கிறேன். வென்ற பந்தயத்தைப் பொய் சொல்லித் தோற்றுவிட்டு, பல்லெல்லாம் தெரியப் படலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு மனிதரை என்ன செய்வதென்று ஒன்பது வயதுச் சாட்சிக்குத் தெரியவில்லை.