ஒன்று புள்ளி எட்டு

எரிமலைப் பக்கத்துத் துறைமுக ஊரான பொட்ஸுவோலியில் தரை குலுங்கி நின்றதும் யாரும் முதலில் சாமியைக் கூப்பிடுவதில்லை. பால்கனிக்கு வந்து நிலநடுக்கத்துக்கு மார்க் போடுவார்கள். "ரெண்டு புள்ளி மூணு!" என்பார் ஒருத்தர். "போய்யா, ரெண்டையே தாண்டல" என்பார் எதிர்வீட்டுக்காரர். கொஞ்ச நேரத்தில் சரியான அளவு போனில் வந்துவிடும். துறைமுகத்துப் பின் சந்தில் இந்த விளையாட்டில் அஸ்ஸுந்தாவை மிஞ்ச ஆள் கிடையாது. துணி இஸ்திரி போட்டுப் பிழைப்பவள். பலகையிலிருந்து கையை எடுக்காமலே அளவு சொல்வாள், பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

அவள் சிறுமியாக இருந்தபோது இதே நடுக்கத்துக்குப் பயந்து சந்து முழுவதையும் காலி செய்து மேட்டுக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். கல்யாணமானதும் அடம்பிடித்துக் கடலோரத்துக்கே திரும்பினாள். இன்னொரு தரம் மூட்டை கட்ட அவளுக்கு மனசில்லை. இந்த வருஷம் சுவரில் விரிசல் விட்ட பிறகும் அசையவில்லை. மீன் சந்தையில் பெட்டி தூக்கி ஓய்ந்த அவள் கணவன் புரோகோலோதான், கசெர்த்தாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகலாம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"தூக்கமே இல்ல அஸ்ஸுந்தா. தலைக்குள்ளயே ஆடுது."

"வீடு ஆடுதுன்னா ஒத்துக்கறேன். உன் தலைக்குள்ள ஆடறதுக்கு என்னய்யா இருக்கு?"

பாவம் மனுஷன், அன்றோடு அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவள் ஜன்னலைப் பார்த்து நின்று ஒரு சட்டையை எடுத்து விரித்தாள். புரோகோலோ பின்னால் மேஜையருகே உட்கார்ந்திருந்தான். மேஜையில் காபிக் கோப்பை கடகடவென்று ஆட ஆரம்பித்தது.

"ஒன்னு புள்ளி எட்டு. திரும்பிப் பாக்கக்கூட லாயக்கில்ல" என்றாள்.

பேசாட்டி போ, எனக்கென்ன என்று காலரைத் தேய்த்தாள். கோப்பை நிற்கவில்லை. சின்ன நடுக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவது இங்கே புதிதா என்ன? சட்டையை முடித்து மடித்து வைத்துவிட்டு எதிர்வீட்டுப் பால்கனியைப் பார்த்துக் கத்தினாள்.

"தித்தீனா! நீ எவ்வளவு போட்ட?"

"எதுக்குக்கா?"

"இப்ப ஆடுதே, இதுக்குத்தான்!"

"இங்க ஒன்னும் ஆடலியே."

"உனக்குக் கால் மரத்துப்போச்சுடி."

"அட போக்கா. கையில காபி வெச்சிருக்கேன், தளும்பவே இல்ல."

அப்போதுதான் திரும்பினாள். புரோகோலோ நாற்காலியில் விறைத்துச் சாய்ந்திருந்தான். வாயோரம் நுரை. மேஜை மேலிருந்த அவன் கை வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கைதான் கோப்பையை ஆட்டிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில், உயிருக்கு இனிப் பயமில்லை, பேச்சு எப்போது திரும்பும் என்று மட்டும் சொல்ல முடியாது என்றார்கள். இளம் டாக்டரம்மா அவளைத் தனியே கூப்பிட்டாள்.

"வலிப்பு வந்தப்ப நீங்க கூட இருந்தீங்களாம்மா?"

"கூடத்தான் இருந்தேன்."

"எவ்வளவு நேரம் இழுத்துது? ரெண்டு நிமிஷம்? அஞ்சு நிமிஷம்?"

அஸ்ஸுந்தாவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"ஒரு சட்டை" என்றாள்.

"புரியலம்மா."

"முழுக்கைச் சட்டை. காலர், கை, முதுகு... எல்லாம் தேச்சு முடிச்சிட்டேன், டாக்டர்."