தண்ணீர் படாத பிஸ்கட்

என் தங்கைக்கு வந்த சம்பந்தத்தை நான் பிஸ்கட் சுட்டுக் கெடுத்துவிட்டேன் என்று எங்கள் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய். ஆனால் அந்த விஷயத்தில் நான் முட்டாளாக நடந்துகொண்டேன் என்பது உண்மை. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

அப்போது நான் கடல் கடந்து வந்து, கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பங்களாவில் சமையல்காரி. என் புருஷன் காய்ச்சலில் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. துரை பிரெஞ்சுக்காரர், துரைசாணியும் அந்த நாட்டுக்காரி. நான்கு வருடம் அவளுக்கு ஆக்கிப் போட்டேன். என் பெயர் என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. "ஆயா" என்பாள், அதோடு சரி. அவள் போன பிறகும் எனக்கு நினைவில் நிற்பது அவளுடைய பிஸ்கட் ஒன்றுதான். அவள் ஊர் கடலோரம். அங்கே வெண்ணெயில் உப்புப் போட்டு வைப்பார்களாம். அந்த உப்பு வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, முட்டை மஞ்சள் கரு, இவ்வளவுதான் சாமான். வாயில் போட்டால் முதலில் இனிக்கும், பிறகு லேசாகக் கரிக்கும், பிறகு மணலாக உதிரும்.

சொல்வதற்குச் சுலபம். முதல்தடவை நானாகச் சுட்டபோது, மாவு சேரவில்லையே என்று அரைக் குவளை தண்ணீர் விட்டுப் பிசைந்தேன். மாவைக் கண்டால் தண்ணீர் விடுகிற கைதானே நம்முடைய கை. சுட்டு எடுத்தால் செருப்புத் தோல். துரைசாணி ஒன்றை எடுத்து நாய்க்குப் போட்டாள். நாய் அதைக் கடித்துப் பார்த்துவிட்டுத் தோட்டத்தில் கொண்டுபோய்ப் புதைத்தது. அதன் பிறகு கற்றுக்கொண்டேன். வெண்ணெயையும் மாவையும் விரல் நுனியால் உதிர்க்க வேண்டும். கடைசியில் அமுக்கிச் சேர்க்க வேண்டும், பிசையவே கூடாது.

எங்கள் வீடு பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் ஒன்று. அப்பாவுக்குத் தண்டவாள வேலை. அம்மா இல்லை. தங்கைதான் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரயிலேறி வருவேன்.

அவளை ஒரு கிராணி விரும்பினார். ஸ்டேஷன் ஆபீசில் எழுதுகிற வேலை. எங்களைப் போலவே வேதக்காரர்கள், அதே மாதா கோயில்தான். ஒரு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார். பேசமாட்டார். இவள் கடந்து போகும்போது மணியை ஒருமுறை அடிப்பார். கடைசியில் தன் அம்மாவிடம், கட்டினால் அந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினாள்.

எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. அவர்கள் சாதி வேறு, எங்கள் சாதி வேறு. அவர்கள் தங்களை மேலே என்று நினைத்தார்கள். நாங்களும் அண்ணாந்து பார்த்தே பழகியிருந்தோம். கப்பலில் வரும்போது துணிமூட்டையோடு இதையும் கட்டிக்கொண்டுதான் எல்லோரும் வந்து இறங்கினோம்.

ஆகவே எங்கள் வீட்டில் அந்த வாரம் முழுக்க ஒரே கேள்விதான். அந்த அம்மா எங்கள் வீட்டில் கை நனைப்பாளா? பெண் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவினால் சம்பந்தம் முடிந்தது. மனமில்லை என்றால் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போவார்கள். வடை, பாயசம் வைத்தால் அவள் தொடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். வெள்ளைக்காரன் பலகாரம் வைத்தால்? கிராணி வீட்டுப் பொம்பளைகளுக்கு வெள்ளைக்காரன் சாமான் என்றால் நாக்கு நீளும். இதுதான் என் யோசனை. பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமையே லீவு சொல்லிவிட்டு, சீனன் கடையில் இரண்டு டின் வெண்ணெய் வாங்கிக்கொண்டு வந்தேன். பங்களாவில் அடுப்பும் ஐஸ் பெட்டியும் உண்டு. எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? ஒரு மண்ணெண்ணெய் டின்னைப் படுக்கப்போட்டு, உள்ளே மணல் பரப்பி, கீழே ஒரு கரி அடுப்பும் மேலே தகரத்தில் கொஞ்சம் தணலுமாக வைத்தேன். வெண்ணெய் டின்னை உடைத்தபோது அது எண்ணெயாக ஓடியது. தங்கையை அனுப்பி, மரத்தூள் போட்ட சாக்கில் ஐஸ் கட்டி வாங்கி வரச் செய்து, சட்டியை அதன்மேல் உட்கார வைத்தேன். போத்தலால் உருட்டி, டம்ளர் விளிம்பால் வட்டம் வெட்டினேன். மேலே மஞ்சள் கரு தடவி முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட வேண்டும். முள்கரண்டிக்கு எங்கே போவது? தென்னை ஈர்க்கால் போட்டோம்.

முதல் தட்டு அடியில் கருகிப்போனது. அப்பா அதையெல்லாம் ஒன்றுவிடாமல் தின்றார். இரண்டாவது தட்டு சரியாக வந்தது. தங்கை விசிறியைப் பிடித்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"அக்கா, அவங்க சாப்பிடுவாங்களா?"

"சாப்பிடாம என்ன? இந்த வாசத்துக்கு ஸ்டேஷன் மாஸ்டரே இறங்கி வருவாரு."

"ஸ்டேஷன் மாஸ்டர நான் கட்டிக்கப் போறதில்ல" என்றாள். சிரிக்கவில்லை. அவளுக்கு அந்தக் கிராணியை அவ்வளவு பிடித்திருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிறு பூசை முடிந்து அம்மாவும் மகனும் வந்தார்கள். பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்தாள். டீ கொடுத்தேன். "இப்பதான் காப்பி குடிச்சிட்டு வந்தோம்" என்று குவளையைத் தரையில் வைத்தாள். பிஸ்கட் தட்டை நீட்டினேன். ஒன்றை எடுத்து, திருப்பி அடியைப் பார்த்து, மோந்தும் பார்த்தாள்.

"என்னம்மா இது?"

"எங்க துரைசாணி ஊர் பிஸ்கட்டுங்க. நான் சுட்டது."

"நெய்யா?"

"டின் வெண்ணெங்க. முழுக்க வெண்ணெதான்."

"மாவு பிசைய தண்ணி ஊத்துவீங்களா?"

பக்குவம் கேட்கிறாள் என்று நினைத்தேன். என் தொழிலைப் பற்றி யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. வாயெல்லாம் பல்லாக, "ஒரு சொட்டுத் தண்ணி கிடையாதுங்க. தண்ணி பட்டா போச்சு, தோலாயிடும்" என்றேன். நாய் புதைத்த கதையையும் சொன்னேன்.

"பாலும் இல்லையா?"

"இல்லங்க. முட்டையில மஞ்சக் கரு மட்டும்."

தலையை ஆட்டிக்கொண்டு தின்றாள். நான்கு தின்றாள். "நீயும் எடுத்துக்கடா" என்று மகனிடம் சொன்னாள். போகும்போது ஆறு பிஸ்கட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். திரைக்குப் பின்னால் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்பா, "அப்ப சம்மதம்தானுங்களே?" என்றார்.

"அதுக்கென்ன, பேசிக்கலாம். அடுத்த ஞாயித்துக்கிழம வரோம்."

அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் நான் தண்ணீர்க் குழாயடிக்குப் போய்விட்டேன். அங்கே நான்கு பொம்பளைகள் குடத்தோடு நின்றார்கள். "கை நனைச்சிட்டாங்க" என்றேன். சாயங்காலத்துக்குள் வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது. கீழே வைத்த டீ அப்படியே ஆறிப்போய் ஏடு கட்டிக் கிடந்ததை நான்தான் எடுத்துக் கொட்டினேன். அப்போதுகூட எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு நாள் குறிப்பார்கள் என்று ஆட்டுக்கறி எடுத்துச் சமைத்தோம். இலை போட்டோம். அந்த அம்மா இலையைப் பார்த்தாள், நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"சாப்பாடெல்லாம் எதுக்கு? நான் வீட்ல பொங்கி வச்சிட்டுத்தான் வந்தேன்."

"ஒரு வாய் சாப்பிடுங்கம்மா. அன்னைக்குச் சாப்பிட்டீங்களே" என்றேன்.

"அது தண்ணி படாத பண்டம்மா. நீதானே சொன்ன? அத எங்க வேணாலும் திங்கலாம். சோறு அப்படியா?"

கோபமாகச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைக்கு விளக்குவதுபோலச் சொன்னாள். அன்று கோயிலில் எனக்கு இரண்டு ஆள் முன்னால் முட்டி போட்டு, அதே சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கியவள்தான். அந்த அப்பம் என்ன, தண்ணீர் படாமலா செய்தது? இதை அப்போதே கேட்டிருக்க வேண்டும். எனக்குச் சரியான பேச்சு எப்போதும் ஒரு நாள் தாமதமாகத்தான் வரும்.

"பொண்ணு நல்ல பொண்ணுதான். லட்சணமாத்தான் இருக்கா. என்ன பண்றது, எங்க பக்கத்து ஆளுங்க ஒத்துக்கணுமே" என்றாள். மகன் தன் காலில் இருந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்று என்னிடம், "அந்த பிஸ்கட் மறுபடி சுட்டா சொல்லும்மா, கிறிஸ்மஸுக்கு வேணும்" என்றாள். நான் "சரிங்க" என்றேன். அவள் சாதியைவிட, அவள் சோற்றை மறுத்ததைவிட, நான் சொன்ன அந்த "சரிங்க" எனக்கு இன்றைக்கும் எரிகிறது. கிறிஸ்மஸுக்கு ஆளும் அனுப்பினாள். நான் கொடுக்கவில்லை. அதில் என்ன வீரம் இருக்கிறது?

குழாயடியில் மறுநாள் தங்கைதான் போய் நிற்க வேண்டியிருந்தது. "என்னா, நனைச்ச கை காஞ்சு போச்சா?" என்று ஒருத்தி கேட்டாளாம். இன்னொருத்தி, "பிஸ்கட்டுக்கு வந்தவங்கள மாப்ள வீடுன்னு சொல்லிட்டா லா, பாவம்" என்றாளாம். நான் பரப்பிய பேச்சுக்கு அவள் தலையைக் குனிந்துகொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

துரைசாணி அந்தச் சமயம் துரையோடு பினாங்குக்குப் போயிருந்ததால் நான் பத்து நாள் வீட்டில் இருந்தேன். புதன்கிழமை மத்தியானம் அந்தக் கிராணி சைக்கிளில் வந்தார். அப்பா வேலைக்குப் போயிருந்தார்.

"அம்மா சொன்னத மனசுல வச்சுக்காதீங்கக்கா. கொஞ்ச நாள் போனா சரியாயிடும். நான் பேசறேன்."

நான் அவரை மேலும் கீழும் பார்த்தேன். "பேசறது இருக்கட்டும் தம்பி. சோறு இருக்கு, கருவாட்டுக் குழம்பு இருக்கு. சாப்பிடறீங்களா?"

கொஞ்சம் தயங்கினார். தெருவை ஒருமுறை பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றி, அதையும் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். திரைக்கு அந்தப் பக்கம், சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நான் போட்டேன். நன்றாகச் சாப்பிட்டார். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினார். பின்பக்கம் தங்கை தண்ணீர் ஊற்ற, கை கழுவினார். அந்தச் சத்தம் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் லேசானது. இதோ, முடிந்தது, இனி அந்த அம்மாவும் குழாயடியும் எக்கேடு கெட்டால் என்ன என்று நினைத்தேன்.

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "அக்கா, நான் இங்க சாப்பிட்டது அம்மாவுக்குத் தெரிய வேணாம். பக்கத்து வீட்லயும் சொல்லிடாதீங்க."

தங்கை செம்பைக் கீழே வைத்தாள். அந்த ஒரு வருடத்தில் அவரிடம் அவள் நேராகப் பேசியது அன்றுதான்.

"கல்யாணம் ஆனாலும் இப்படித்தான் சப்பாத்த உள்ள எடுத்து வச்சிக்கிட்டு, செவுத்தப் பாத்துச் சாப்பிடுவீங்களா?"

"கொஞ்ச நாளைக்கு மட்டும்தான். அம்மாவோட மனசு..."

"எங்க அப்பா உங்க வீட்டுக்கு வந்தா எங்க உக்காருவாரு?"

அவர் யோசித்துப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். கெட்ட ஆள் இல்லை. யோசித்தும் அவருக்கு ஓர் இடம் தென்படவில்லை.

"போங்க" என்றாள் தங்கை. போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. எதிரி வீட்டுக்கு வந்தால்கூட நாம் போயிட்டு வாங்க என்றுதான் சொல்வோம். அவர் சப்பாத்தை மாட்டக்கூட இல்லை, கையில் பிடித்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

நான் அவளைத் திட்டினேன். கண்டபடி திட்டினேன். "இதுக்கு மேல எவன்டி வருவான்? அம்மாக்காரி இன்னும் எத்தன வருஷம் இருக்கப் போறா? மறைச்சுச் சாப்பிட்டா என்ன, சாப்பிட்டானில்ல?"

அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "நீயும் அவரு மாதிரிதான்க்கா. நம்ம சோத்த வச்சா தொடமாட்டாங்கன்னு தெரிஞ்சுதானே பிஸ்கட்டச் சுட்ட? எப்படியாவது வாயில போட வச்சிட்டா போதும்னு பாத்த."

அடிக்கக் கை ஓங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அடிக்கவில்லை.

அப்பா வேலை முடிந்து வந்தார். வழியிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். "மாப்ள வந்தாராமே? சாப்பிட்டாரா?" என்று படியிலிருந்தே கேட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். தங்கைதான் முன்னால் போய் நின்று, "சாப்பிட்டாருப்பா. நான்தான் போகச் சொல்லிட்டேன்" என்றாள்.