எக்ஸ்கியூஸ் மீங்க

ஐந்து கிலோமீட்டர் ஓடி முடித்த அன்றே அப்பா ஓட்டக்கலையில் கரைகண்டுவிட்டார். செண்டாயான் தொழிற்சாலைகளுக்கு லோரி ஓட்டுபவர் அவர். அங்கே நடந்த பொது ஓட்டம் ஒன்றில் தொப்பையோடும் துணிச்சலோடும் கலந்துகொண்டு உயிரோடு திரும்பியவர், மாலையே வீட்டில் சட்டம் பேச ஆரம்பித்தார். மெதுவாக ஓடுகிறவர்கள் பின்னால்தான் நிற்க வேண்டும். மூன்று பேர் வரிசையாக ஓடிச் சாலையை அடைக்கக் கூடாது. தண்ணீர் மேசை முன்னால் சடக்கென்று நிற்கக் கூடாது. குடித்த கப்பைத் தொட்டியில்தான் போட வேண்டும். யாரையாவது முந்துவதென்றால் வலப்பக்கமாக வந்து, "எக்ஸ்கியூஸ் மீ" என்று சொல்ல வேண்டும்.

அடுத்தவர் பெயருக்குக் கொடுத்த ஓட்ட எண்ணைச் சட்டையில் குத்திக்கொண்டு ஓடக் கூடாது என்பது மட்டும் அந்தச் சட்டத்தில் இல்லை. காரணம், அப்பாவின் நண்பர் ஒருவர் வராமல் போனதால், அவருடைய எண்ணை அம்மாவின் சட்டையில் குத்தியவரே அப்பாதான். அம்மா நாங்கள் குடியிருந்த ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் சீவுகிறவள். விடிவதற்குள் வாளியோடு பாதி மலை ஏறி இறங்கியிருப்பாள். அன்று ஐந்து கிலோமீட்டரும் அப்பாவுக்கு இரண்டடி பின்னாலேயே, கல்யாண வீட்டுக்குள் நுழைகிறவள் போல ஓடி வந்தாள். அவளும் ஓடினாள் என்பதைப் பற்றி நாங்கள் அதிகம் பேசவில்லை.

அடுத்தது பத்து கிலோமீட்டர், கோலா கிளாவாங்கில் என்று அப்பா அறிவித்தார். இந்த முறை மூவருக்கும் பெயர் கொடுத்தார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வாரம் ஒரு கிலோமீட்டர்தான் கூட்ட வேண்டும் என்பது அவருடைய திட்டம். மாலையில் எஸ்டேட் செம்மண் சாலையில் ஓடுவோம். முடிந்ததும் அப்பா வாசலில் மல்லாந்து கிடப்பார். அம்மா நேரே உள்ளே போய் அரிசி களைவாள்.

"பத்து கிலோன்னா வெளையாட்டு இல்ல. மொத பாதியில மூச்ச சேத்து வைக்கணும்," என்றார் அப்பா.

"சேத்து வச்சத என்னங்க செய்றது?" என்று அம்மா கேட்டாள்.

"ரெண்டாவது பாதில எடுக்கணும்லா."

அம்மா தலையாட்டிக்கொண்டாள்.

ஓட்ட நாளன்று நாங்கள் சட்டப்படி கடைசியில் நின்றோம். எங்களுக்குப் பின்னால் தாமதமாக வந்த சிலரும் ஆம்புலன்ஸும்தான். மலைகளில் மூடுபனி கலையாமல் கிடந்தது. முதல் ஐந்து கிலோமீட்டரில் தாமதமாக வந்தவர்களும் எங்களை முந்தினார்கள். அப்பா ஒவ்வொருவருக்கும் ஒதுங்கி, "கோ அஹெட், கோ அஹெட்," என்று போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி கை காட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஆறாவது கிலோமீட்டரில் மேடு வந்தது. அப்பாவின் மூச்சு, பாரம் ஏற்றிய லோரி முதல் கியரில் முனகுவது போல் கேட்டது. அப்போதுதான் பின்னாலிருந்து, சரியாக வலப்பக்கத்தில், ஒரு குரல் வந்தது.

"எக்ஸ்கியூஸ் மீங்க."

அப்பா பழக்க தோஷத்தில் இடப்பக்கம் ஒதுங்கி, "கோ அஹெட்," என்றார். அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

அம்மா போய்விட்டாள். மேட்டில் ஏறுவது போலவே இல்லை. அவளுடைய நீலச் சட்டை இருவரைத் தாண்டியது, பிறகு நால்வரை. ஒவ்வொரு முறையும் தலையைக் கொஞ்சம் குனிந்து அனுமதி கேட்டுக்கொண்டாள்.

"இவளுக்கு என்னா அவசரம்?" அப்பாவுக்கு இடுப்பில் கையை ஊன்றிக்கொள்ள வேண்டியிருந்தது. "நீ ஓடு. அம்மாவப் புடி. மெதுவா போகச் சொல்லு. இந்த ஸ்பீடுல போனா மயங்கிருவா."

நான் ஓடினேன். அடுத்த நான்கு கிலோமீட்டரில் அப்பாவின் சட்டங்களில் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. இடப்பக்கம் முந்தினேன். ஒரு குடும்பத்தின் நடுவே புகுந்து, அவர்கள் பிடித்திருந்த கைகளைப் பிரித்தேன். தண்ணீர் மேசை முன்னால் சடக்கென்று நின்றேன். பின்னால் வந்த மலாய்க்காரப் பெரியவர் என் மேல் மோத, இரண்டு பேருமாக வாழைப்பழத் தட்டைச் சாய்த்தோம். மன்னிப்புக் கேட்க நேரமில்லை. நீலச் சட்டை வளைவில் மறைந்துகொண்டிருந்தது. கத்திக் கூப்பிட்டேன். அம்மா திரும்பவில்லை.

ஊருக்குள் வந்ததும் முடிவுக்கோட்டின் பெரிய தோரண வளைவு தெரிந்தது. எப்படியும் அங்கே நின்றாக வேண்டும், பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். அம்மா வளைவுக்கு அடியில் புகுந்தாள். மறுபக்கம் வெளியே வந்தாள். ஓடிக்கொண்டே இருந்தாள்.

"காக்! சூடா ஹாபிஸ்!" முடிந்துவிட்டது அக்கா என்று மலாயில் கத்தியபடி, பதக்கம் மாட்டிவிட நின்ற பெண் பின்னால் ஓடினாள். அவளுக்குப் பின்னால் நான்.

கடைகள் தீர்ந்து, சாலை மறுபடியும் மலைப்பக்கம் திரும்பும் இடத்தில்தான் அம்மா நின்றாள். கொண்டை அவிழ்ந்திருந்தது. அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை.

"அம்மா, முடிஞ்சிருச்சும்மா! கோட்ட அங்கேயே தாண்டிட்டீங்க!"

"தெரியும்டி."

"அப்புறம் ஏன் நிக்கல?"

அவள் எதிரே இருந்த சாலையைப் பார்த்தாள். "இது எங்கடி போவுது?"

"எனக்குத் தெரியாது. வாங்கம்மா, அப்பா தேடுவாங்க."

"தேடட்டும்லா."

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. வெயிலில் மூளை குழம்பியவர் சம்பந்தமில்லாமல் பேசுவார், உடனே குளிர்விக்க வேண்டும் என்று பள்ளியில் முதலுதவிப் பாடத்தில் சொல்லியிருந்தார்கள். மூச்சிரைக்க வந்து சேர்ந்த பதக்கக்காரியின் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைப் பிடுங்கி, அப்படியே அம்மாவின் தலையில் கவிழ்த்தேன். அம்மா வீறிட்டாள். பிறகு சாலையோரத்துக் கல்லில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழியும்வரை சிரித்தாள். அதுவும் அந்த நோயின் அறிகுறிதான் என்று நான் முடிவுகட்டி, அவள் கையை இறுகப் பிடித்து அழைத்து வந்தேன். அப்பா அப்போதுதான் ஆம்புலன்ஸுக்கு முன்னால், சட்டப்படி இடப்பக்கமாக வந்துகொண்டிருந்தார்.

கோலா கிளாவாங்கில் அம்மாவைக் காப்பாற்றிய கதையைப் பல வருடங்கள் வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னேன். அனுப்பி வைத்ததே தான்தான் என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சேர்த்துக்கொள்வார். அம்மா ஒருநாளும் மறுத்ததில்லை. தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஆமா, இவதான் என்னத் திருப்பிக் கூட்டிட்டு வந்தா," என்பாள்.

அதைப் பாராட்டு என்றே நான் எடுத்துக்கொண்டேன்.